பனிக்குள் நிரை பிடித்தவள்

பௌர்ணமி விடுமுறையான போயா நாட்களில் பூனாகலைத் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் துணி துவைப்பார்கள், பேன் பார்ப்பார்கள், சாமான் வாங்க டவுனுக்குப் போவார்கள். என் பெரியம்மா மகள் பிரான்சிஸ்கா அக்கா மட்டும் விடியும் முன்பே எழும்பி, ரொட்டியையும் சம்பலையும் வாழையிலையில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு, மகனின் பழைய பள்ளிக்கூடச் சப்பாத்தை மாட்டிக்கொண்டு மலையேறப் போவாள்.

"கால் வலின்னுதான் கொழுந்துக்கூடைய எறக்கி வச்சா. இப்ப சம்பளமில்லாம மலைக்குப் போறா!" அவள் கணவர் யேசுரத்தினம் அத்தான் தண்ணீர்ப் பீலிக்கரையில் பல் விளக்கியபடி லயத்துக்கே கேட்கும்படி சொல்வார்.

"நீங்களும் வாங்களேன். வயிறாவது கொறையும்," என்று திரும்பிப் பார்க்காமலே சொல்லிவிட்டு இறங்குவாள் அக்கா.

கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் வெகுகாலம், தனக்கு விட்ட நிரையில், அதாவது தேயிலை வரிசையில், கொழுந்தெடுத்தவள் அவள். இப்போது தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் வேலை. அம்மாமார் விட்டுவிட்டுப் போகும் குழந்தைகளுக்குப் பால் கரைப்பதும் தொட்டிலாட்டுவதும் மூக்குத் துடைப்பதுமாகப் பகல் முழுக்க ஓடும். ஒரு குழந்தை தூங்கினால் இன்னொன்று எழும்பும். அந்தச் சத்தத்திலிருந்து மாதம் ஒரு நாள் அவளைத் தூக்கிப் போவது ரொஷானின் வேன். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் ரொஷான்தான் ஊவா மலைநடைச் சங்கத்தின் தலைவன். பண்டாரவளையில் மருந்துக்கடை வைத்திருக்கும் ஹுமைத், கணக்கு டீச்சர் நிரஞ்சலா, இன்னும் சிலர் சேர்ந்தால் அதுதான் சங்கம். போயாவன்று எல்லாருக்கும் லீவு என்பதால் போயாவில்தான் பயணம்.

நான் வெளிநாட்டில் இருப்பவன். சங்கத்தின் படங்கள் எனக்கு ஃபோனில் வரும். நமுனுகுலையில் பாசி பிடித்த மரங்களுக்கு நடுவே அக்கா சிரிப்பாள். லுணுகலைப் பக்கம் ஓர் ஓடையில் காலை நனைத்துக்கொண்டு நிற்பாள். நான் படத்தைப் பெரிதாக்கி, அவள் நிற்கும் இடத்துக்கும் விளிம்புக்கும் எவ்வளவு தூரம் என்று பார்ப்பேன். பிறகு வானிலையைப் பார்ப்பேன். பிறகு மறுபடியும் படத்தை.

ஒக்டோபர் போயாவுக்கு நாரங்கலைக்குப் போனார்கள். அங்கே உச்சிக்குக் கீழே ஒரு பாறைப் படியில் அக்கா சிக்கிக்கொண்டாள். ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. இறங்கும்போது கால்களுக்கு நடுவே பள்ளத்தாக்கு தெரிந்ததும், கையும் காலும் தன்னுடையவை இல்லை என்பதுபோல் நின்றுவிட்டாளாம். ரொஷான் இடுப்பில் கயிறு கட்டி அவளை மெல்ல மெல்ல இறக்கினான். பொழுது போய்விட்டது. எல்லாரும் ஃபோன் வெளிச்சத்தில்தான் வேனுக்கு வந்தார்கள்.

சங்கத்தில் இதற்கு விதி இருந்தது. இரண்டு முறை கயிற்றில் இறக்கப்பட்டவர் அதன்பிறகு பாறைப் பயணங்களுக்கு வரக்கூடாது. புல்மலைகளில் நடக்கலாம். அவ்வளவுதான்.

"புல்மலைதான் அழகா இருக்கே அக்கா. பாறை எதுக்கு?" என்று நான் ஃபோனில் கேட்டேன்.

"தம்பி, புல்லப் பாத்தாலும் செடியப் பாத்தாலும் என் கை தானா குனியுது. வேலைக்கு வந்த மாதிரியே இருக்கு. பாறையில பறிக்கிறதுக்கு ஒண்ணுமே இல்ல பாரு. அங்கதான் நான் சும்மா இருக்கேன்."

அவளுக்கு இன்னும் ஒரு வாய்ப்பு இருக்கிறது, அதை அவள் கவனமாகப் பயன்படுத்த வேண்டும் என்று மட்டும் தோன்றியது.

தைப்பொங்கலை ஒட்டி நான் ஊருக்கு வந்திருந்தபோது அடுத்த பாறைப் பயணம் வந்தது. லுணுகலைக்கு மேலே கொண்டைக்கல். பெண்கள் அள்ளி முடிந்த கொண்டை போலவே மலை உச்சியில் ஒரு கறுத்த பாறை. நானும் வருகிறேன் என்றேன். இரண்டு டோர்ச், காயத்துக்குக் கட்டும் துணி, தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் ஜீவனி பக்கெட், விசில் எல்லாம் எடுத்து வைத்தேன். ஹுமைத் என் பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "நானே மருந்துக்கடைக்காரன், என் கடையில கூட இவ்வளவு சாமான் இல்ல," என்றான்.

லுணுகலையில் மீன் அடைத்த மாலுபான் வாங்கித் தின்றுவிட்டு, தேயிலைக்குள் ஏறத் தொடங்கினோம். தேயிலை முடிந்ததும் மானாப்புல். புல்லுக்கு மேலே கொண்டைக்கல். காலை வெயிலில் அது பக்கத்தில்தான் இருப்பதுபோல் இருந்தது. அக்கா அதைப் பார்க்கவே இல்லை. வேனில் ஏறியது முதல் சப்பாத்துக் கயிற்றை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக வந்தாள்.

புல்லும் சரளையுமான சரிவில் ரொஷான் எல்லாரையும் நிறுத்தினான். "இதுல ஒருத்தர் பின்னால ஒருத்தர் போகாதீங்க. மேல போறவங்க கால் பட்டு கல் உருண்டா கீழ வர்றவங்க மண்டையிலதான் விழும். பக்கத்துல பக்கத்துல நின்னு, நேரா ஏறுங்க. பாதியில எடதுபக்கம் ஒரு தடம் திரும்பும். நான் கூப்பிட்டதும் எல்லாரும் அதுல திரும்பணும்."

வரிசையாகப் பரந்து நின்றோம். அக்கா வலது ஓரம், நான் இடது ஓரம். எங்களுக்கு நடுவே மற்றவர்கள். அப்படி நின்றதுமே அக்காவின் முகம் தெளிந்ததை நான் பார்த்தேன். முழங்கையைச் சற்று அகட்டி, தலையைத் தாழ்த்தி, ஒரே சீராக ஏறத் தொடங்கினாள்.

பிறகு பனி வந்தது.

கீழே லுணுகலைப் பக்கமிருந்து ஒருவரும் கவனிக்காமல் ஏறி வந்த பனி. முதலில் பாறை போனது. பிறகு ஹுமைத்தின் சிவப்புச் சட்டை ரோஜா நிறமாகி, சாம்பலாகி, போனது. என் கை நீட்டும் தூரத்துக்கு மட்டும் புல் இருந்தது. புல் நுனிகளில் நீர் கோத்து, அசையாமல் தொங்கியது. என் மூச்சே வேறு யாரோ பக்கத்தில் மூச்சு விடுவதுபோல் கேட்டது. அந்த வெள்ளைக்குள் நேரம் நின்றுவிட்டதா, நாங்கள்தான் நின்றுவிட்டோமா என்று தெரியவில்லை. இந்த மலையைவிட்டு நான் எங்கேயும் போகவே இல்லை, வெளிநாடு என்பது நான் எங்கோ கேட்ட கதை என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

"இடது! எல்லாரும் இடது!" ரொஷானின் குரல் எங்கிருந்தோ வந்தது.

திரும்பினோம். தடத்தைக் கண்டுபிடித்து, பாறையின் அடிவாரத்தில் ஒவ்வொருவராகச் சேர்ந்தோம். நிரஞ்சலா தலைகளை எண்ணினாள். ஒரு தலை குறைந்தது.

"பிரான்சிஸ்கா அக்கா எங்க?"

ரொஷான் விசிலடித்தான். நானும் அடித்தேன். அவன் நிறுத்திய பிறகும் நான் அடித்துக்கொண்டிருந்தேன். "நீங்க கொஞ்சம் நிப்பாட்டுங்க, பதில் வந்தாலும் கேக்காது," என்றாள் நிரஞ்சலா. நிறுத்தினேன். பதில் இல்லை. ரொஷானின் உதடு வெளுத்திருந்தது. வந்த சரிவில் கயிற்றைப் பிடித்தபடி இறங்கித் தேடுவதென்று முடிவானது. கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டியது. புல்லில் அவள் கால் பட்ட அடையாளம் ஓரிடத்தில் நேராக மேலே போய், வெறும் கல்லில் முடிந்திருந்தது. அதற்கு மேலே வெள்ளை.

எவ்வளவு நேரமென்று தெரியாது. பனி ஓரிடத்தில் மெலிந்து, கிழிந்து, திறந்தது. நான் கீழே பள்ளத்தைத்தான் பார்த்தேன். அங்கே பார்க்கத்தான் பயந்துகொண்டிருந்தேன்.

"அல்லாஹ்! மேல பாருங்க!" என்றான் ஹுமைத்.

கொண்டைக்கல்லின் உச்சியில், வெயிலில், அக்கா சம்மணம் போட்டு உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தாள். எங்களைக் கண்டதும் கையை ஆட்டினாள். பிறகு அந்தக் கை பாதியில் நின்றது. நாங்கள் எவ்வளவு கீழே இருக்கிறோம் என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வழக்கமான பாதையில் நாங்கள் மேலே போய்ச் சேர்ந்தபோது, அவள் உச்சியின் நடுவில், இரண்டு உள்ளங்கைகளையும் கல்லில் பதித்தபடி இருந்தாள்.

"கூப்பிட்டது கேக்கலையா ஒங்களுக்கு?" ரொஷான் கத்தினான்.

"கேட்டுச்சுப்பா."

"கேட்டும் திரும்பலையா?"

"நிரை புடிச்சாச்சு, அப்புறம் எப்புடி திரும்புறது? பக்கத்தாளு நிரைக்குள்ள காலு வச்சா சண்டை வராதா? கங்காணி கூப்பாடு போடுவாரு, போடட்டும்னு நம்ம நிரையை முடிச்சிட்டுத்தானே திரும்புவோம்." சொல்லும்போதே தன் பிழை அவளுக்குப் புரிந்துகொண்டு வந்தது. குரல் தணிந்தது. "அந்த ஞாபகத்துலேயே ஏறிட்டேன் தம்பி. பனிக்குள்ள தேயிலைன்னே நெனச்சிட்டேன்."

ரொஷான் கயிற்றைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்தான். ஹுமைத் அவள் ஏறி வந்த பக்கம் குப்புறப் படுத்து எட்டிப் பார்த்துவிட்டு, மெல்லப் பின்னால் நகர்ந்து வந்தான்.

"இதுல நீங்க ஏறல. சும்மா சொல்றீங்க."

"கொஞ்சம் கல்லா இருந்துச்சு. கைய ஊணி ஊணி வந்தேன். இன்னும் பாறைக்கே வந்து சேரலைன்னு நெனச்சிட்டிருந்தேன். ஒங்க யாரையும் காணோம். நான்தான் முந்திட்டேன், அடிவாரத்துல இருந்து சாப்பிடுவோம்னு உக்காந்தேன்."

நிரஞ்சலாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு எல்லாருக்கும். ரொஷானும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தான்.

"எப்புடி இருந்துச்சு அக்கா?" என்று நான் கேட்டேன்.

அவள் யோசித்தாள். "சுத்தி ஒண்ணுமே இல்ல. மேலயும் வெள்ள, கீழயும் வெள்ள. யாரும் அழல. யாரும் கூப்பிடல. நான் இருக்கேனாங்கிறதே சந்தேகமா இருந்துச்சு. பயம்னு ஒண்ணு இருக்குங்கிறதே மறந்து போச்சு. தூங்காமலே தூங்கின மாதிரி."

ஆனால் இப்போது பனி இல்லை. மொனராகலைச் சமவெளி வரை தெரிந்தது. குளங்கள் வெள்ளிக்காசுகளாகக் கிடந்தன. இறங்க வேண்டிய பாறைப் படி ஆள் உயரம்தான், ஆனால் அதற்கு வெளியே ஒன்றுமில்லை. அக்கா விளிம்புவரை தவழ்ந்து போய்ப் பார்த்தாள். தவழ்ந்தே திரும்பி வந்தாள். "நாரங்கலையில வந்த அதே முகம்," என்று ஹுமைத் என் காதில் சொன்னான்.

"பனி திரும்ப வந்தா எறங்கிருவேன்," என்றாள்.

வேடிக்கையாகச் சொல்கிறாள் என்று நினைத்தோம். இல்லை. ஆகவே நாங்கள் எல்லாரும் ஒரு பாறையின் தலையில் உட்கார்ந்து பனிக்காகக் காத்திருந்தோம். ஹுமைத் ஃபிளாஸ்க்கைத் திறந்து தேத்தண்ணி ஊற்றினான். லுணுகலைப் பக்கம் ஒரு சின்னப் புகை எழும்பினாலும், "வருது, வருது," என்பான். அது யாரோ குப்பை கொளுத்திய புகையாக இருக்கும். நான் சூரியனைப் பார்த்தேன், ஃபோனைப் பார்த்தேன், சூரியனைப் பார்த்தேன். காற்று இதமாக வீசியது. நிரஞ்சலா படுத்துத் தூங்கியே போனாள். உலகம் மிகத் தூரத்தில், கழுவி வைத்ததுபோல் கிடந்தது.

நிழல் நீளத் தொடங்கியது.

"ரொஷான், ஒரு பேச்சு," என்றான் ஹுமைத். "இன்னைக்கு கயிறு போட்டாலும் கணக்குல சேக்க வேணாம். யாரும் ஏறாத பக்கத்தால ஏறி வந்தீக்கிறாங்க. அதுக்கு ஒண்ணு கழிச்சிரலாம்."

ரொஷான் கயிற்றை மடியில் வைத்துச் சுற்றியதும் பிரித்ததுமாக இருந்தான். விதியை எழுதியவனே அவன்தான். "அக்கா... அப்படியும் செய்யலாம்," என்றான்.

அக்கா அவனைப் பார்த்தாள். வேண்டுமென்று அவள் முகம் முழுக்க எழுதியிருந்தது. ஒரு தலையசைப்பு போதும், அடுத்த பாறையும் அதற்கடுத்த பாறையும் அவளுக்குக் கிடைத்துவிடும்.

"அங்கன ஏறினது நானில்லப்பா," என்றாள் கடைசியில். "அது என் காலு, பழக்கத்துல போச்சு. எறங்குறதுதான் நான். எனக்கு எறங்க முடியல. கயிற போடு. இருட்ட முந்தி இவங்களக் கூட்டிட்டுப் போகணும்ல."

ரொஷான் அவள் இடுப்பில் முடிச்சுப் போட்டான். ஒருமுறை இழுத்துப் பார்த்து, இன்னொருமுறை இழுத்துப் பார்த்தான். அவள் கண்ணை மூடிக்கொண்டு விளிம்புக்கு வெளியே காலை வைத்தாள். கயிறு கல்லில் உரசி மெல்ல நகர்ந்தது. "எறக்கு... எறக்கு... போதும்... எறக்கு," என்று கீழிருந்து அவள் குரல், குழந்தைக்குச் சோறூட்டும்போது பேசுவாளே, அதே நிதானத்தில். நாரங்கலையில் அழுததுபோல் இந்த முறை அவள் அழவில்லை என்று, முன்னதாக இறங்கிக் கீழே நின்ற நிரஞ்சலா பிறகு சொன்னாள்.

அடிவாரத்தில் முடிச்சை அவளே அவிழ்த்துக் கயிற்றைச் சுருட்டி ரொஷானிடம் கொடுத்தாள். நாங்கள் பைகளைத் தோளில் மாட்டும்போது பள்ளத்திலிருந்து பனி கிளம்பி வந்தது. கொஞ்ச நேரத்தில் பாறையின் பாதி போயிற்று.

"அக்கா, ஒங்க பனி வந்திருச்சு," என்றான் ஹுமைத்.

"வரட்டும். இனி வந்து என்ன பண்ணப்போகுது," என்று சிரித்தாள். பிறகு அண்ணாந்து, "நான் உக்காந்திருந்த எடம் எதுப்பா?" என்று கேட்டாள்.

ரொஷான் கையை நீட்டினான். அவன் விரல் காட்டிய இடத்தில் வெள்ளைதான் இருந்தது. அவள் அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மாசிப் போயாவுக்கு எங்க?" என்றாள்.

"பாறைக்கு அக்கா," அவன் தரையைப் பார்த்துச் சொன்னான். "அதுக்கு அடுத்ததுதான் புல்மலை."

"அப்ப பங்குனியில வாறேன்," என்று சொல்லிவிட்டு அக்கா எங்களுக்கு முன்னால் தடத்தில் இறங்கினாள்.