எத்தனை மணிக்கு வருவீக?

மூன்று முறை சட்டசபைத் தேர்தலில் நின்றேன். முதல் முறை ஜெயித்தேன், அடுத்த முறை தோற்றேன், அதற்கடுத்த முறை மறுபடி ஜெயித்தேன். ஏன் தோற்றாய் என்று கட்சியில் விசாரித்தபோது எதிர் அலை, உள்குத்து என்று கைக்கு வந்ததையெல்லாம் சொல்லிவைத்தேன். அதில் பாதி உண்மை. மீதி பாதி ஒரு பூட்டு. அந்தப் பூட்டைப் பற்றி நான் மேடையில் பேசியதில்லை.

எங்கள் வீடு கம்பத்துக்குப் பக்கம், திராட்சைத் தோட்டத்தை ஒட்டி. உள்ளாட்சித் தேர்தலில் எங்கள் வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கியபோது புகுந்த வீட்டில் என்னைப் பேருக்கு நிற்கச் சொன்னார்கள். மற்றதையெல்லாம் ஆம்பளைகள் பார்த்துக்கொள்வார்களாம். நான் பேருக்கு நிற்கிற ஆள் இல்லை என்பது அவர்களுக்குப் புரிய ஆறு மாதம் ஆனது. என் வீட்டுக்காரருக்கு மட்டும் கல்யாணமான மறுவாரமே தெரியும். அவர் வாயைத் திறக்கவில்லை.

எம்.எல்.ஏ.வுக்கு முதல் தடவை நின்றபோது, கேரள எல்லைக்குக் கிட்டத்தில் ஒரு ஊருக்குப் பிரசாரத்துக்குப் போனோம். ஊர்ப் பேரைச் சொன்னால் நாளைக்கு யாராவது சண்டைக்கு வருவார்கள், வேண்டாம். மத்தியானம் பன்னிரண்டு மணிக்குத் தெருத்தெருவாக மைக்கில் கத்தினோம். எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. இருக்கிற பெண்கள் எல்லாரும் விடிவதற்கு முன்பே ஜீப் ஏறி, மலைக்கு மேலே ஏலத்தோட்ட வேலைக்குப் போய்விடுவார்கள் என்று டீக்கடைக்காரர் சொன்னார். அப்படியானால் விடிவதற்கு முன்பே வருகிறேன் என்று மறுநாள் நாலரை மணிக்குப் போய் நின்றேன். கூட வந்த கட்சிக்காரர்கள் கொட்டாவி விட்டுக்கொண்டே கோஷம் போட்டார்கள்.

ஜீப் ஸ்டாண்டில் ஐம்பது அறுபது பெண்கள் இருந்தார்கள். சேலைக்கு மேலே ஆம்பளைச் சட்டை, தலையில் துண்டு, ஒயர்க் கூடையில் தூக்குவாளி. எனக்குப் பேசிப் பேசித் தொண்டை கட்டியிருந்தது. குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் கேட்டேன். அத்தனை பேரில் ஒருத்தியிடமும் இல்லை. என் வயதிருக்கும் ஒரு பெண் முன்னால் வந்தாள்.

"நாங்க காலைல தண்ணி குடிக்கிறதில்லம்மா. குடிச்சா எங்கிட்டுப் போறது?"

ஆம்பளைகளுக்குச் சுவர் இருந்தது. பெண்களுக்கு ஒன்றுமில்லை. வீட்டை விட்டுக் கிளம்பி, ஜீப்புக்குக் காத்திருந்து, நெருக்கியடித்து மலையேறி, தோட்டம் போய்ச் சேரும்வரை அடக்கிக்கொண்டுதான் இருக்க வேண்டும். ஜெயித்தால் முதல் வேலை இதுதான் என்று அந்த இடத்திலேயே சொன்னேன். கிளம்பும்போது எல்லாரையும் கும்பிட்டு, "போயிட்டு வர்றேன்" என்றேன். நம்மில் யார் 'போறேன்' என்று சொல்கிறோம்? அபசகுனம். போகிற எல்லாரும் வர்றேன் என்றுதான் சொல்கிறோம். வருகிறோமா என்பது வேறு விஷயம்.

ஜெயித்தேன். வாக்கையும் காப்பாற்றினேன். தொகுதி நிதியில் ஸ்டாண்டுக்குப் பின்னாலேயே பெண்களுக்கென்று நாலு கழிப்பறை, மேலே தண்ணீர்த் தொட்டி, வாசலில் விளக்கு. காலை பத்து மணிக்குத் திறப்பு விழா. ரிப்பன் வெட்டினேன், சால்வை போட்டார்கள், வெடி வெடித்தார்கள். கைதட்டியவர்களில் ஆம்பளைச் சட்டை போட்ட ஒரு பெண்கூட இல்லை என்பது அன்றைக்கு என் கண்ணில் படவில்லை. அதற்குப் பிறகு ஐந்து வருஷம் கல்யாணம், காதுகுத்து, துக்க வீடு, மனு, மறுபடி கல்யாணம் என்று ஓடியது. அந்த வழியாக எத்தனையோ தடவை காரில் போனேன். எப்போது பார்த்தாலும் கழிப்பறை திறந்தே இருந்தது. நான் பார்த்த நேரம் அப்படி.

இரண்டாவது தேர்தலில் அதே ஸ்டாண்டுக்கு, அதே நாலரை மணிக்குப் போனேன். இந்தத் தடவை திறந்த வேன், மாலை, தெம்பு எல்லாம் இருந்தது. சொன்னதைச் செய்தேன் என்று மைக்கில் முழங்கிக் கையை நீட்டிக் கட்டடத்தைக் காட்டினேன். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். முதல் தடவை, காலையில் தண்ணீர் குடிப்பதில்லை என்று சொன்ன அதே பெண் வேனுக்குப் பக்கத்தில் வந்தாள்.

"அதுக்குக் கிட்டக்கப் போயிப் பாருங்கம்மா."

இறங்கிப் போனேன். வாசல் விளக்கு எரிந்தது. அந்த வெளிச்சத்தில் கை அகலத்துக்கு ஒரு பூட்டு தொங்கியது. சாவி பஞ்சாயத்து அலுவலகத்தில் இருக்கிறதாம். ஆள் பத்து மணிக்கு வந்து திறந்து சாயங்காலம் ஐந்துக்குப் பூட்டிவிடுவாராம். ஜீப் கிளம்புவது காலை ஐந்துக்கு, திரும்புவது சாயங்காலம் ஆறுக்கு. ஐந்து வருஷத்தில் அந்தப் பெண்கள் ஒரு நாள்கூட அதற்குள் போனதில்லை.

எனக்குக் கோபம்தான் வந்தது. அதுவும் அவள் மேல். இத்தனை நாளில் ஒரு மனு கொடுத்திருக்கக் கூடாதா என்று கேட்டுவிட்டேன்.

"மனு வாங்குறதும் பத்து மணிக்குத்தான? வாறேன்னு சொல்லிட்டுப் போனீக. வந்தீக, இல்லேங்கல. எங்க நேரத்துக்கு வரலையே."

சாவிக்காக அங்கேயிருந்தே அதிகாரிகளைப் போனில் எழுப்பினேன். தேர்தல் நேரம், வேட்பாளர் சொல்லி எதையும் செய்ய முடியாது என்றார்கள். அதுவும் நியாயம்தான். வேனில் ஏறிப் பழக்கதோஷத்தில் கும்பிட்டு, "போயிட்டு வர்றேன்" என்றேன்.

"எத்தனை மணிக்கு வருவீக?" என்றாள் அவள்.

ஸ்டாண்டே சிரித்தது. என் டிரைவர்கூட வாயைப் பொத்திக்கொண்டதைக் கண்ணாடியில் பார்த்தேன். அந்தத் தேர்தலில் சொற்ப ஓட்டில் தோற்றேன். எண்ணிக்கை முடிந்ததும் வாசலில் இருந்த செருப்புகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின, போன் ஊமையானது. இரண்டு நாள் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். தோற்றதற்காக அழுதது கொஞ்சம், அந்தச் சிரிப்புக்காக அழுததுதான் அதிகம். விட்டுத்தள்ளு, தோட்டத்தைப் பார்ப்போம் என்றார் வீட்டுக்காரர். மூன்றாம் நாள் தலைக்குக் குளித்து, சோறு கட்டிக்கொண்டு, சாவி இருக்கிற அலுவலகத்துக்குப் போய் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

தோற்றவளுக்கு யார் நாற்காலி போடுவார்கள்? வெளியாளிடம் சாவி தரமாட்டோம், குழாயைத் திருடிவிடுவார்கள் என்றார்கள். அதை எழுதிக் கொடுங்கள் என்றேன். எழுதவும் மாட்டார்களாம். நாலு நாள் தினமும் போய் அதே பெஞ்சில் சாப்பிட்டேன். ஐந்தாம் நாள், குழாய் தொலைந்தால் நான் பொறுப்பு என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு மறுசாவி ஒன்றைக் கொடுத்தார்கள்.

மறுநாளிலிருந்து நாலரைக்கு நான் அங்கே இருந்தேன். தோல்வியோடு காரும் போயிருந்தது, ஸ்கூட்டிதான். மார்கழி வந்தால் பனியில் கை விறைத்துச் சாவி துவாரத்தில் நுழையாது. முதல் வாரம் யாரும் என்னிடம் பேசவில்லை, அடுத்த ஓட்டுக்கு அடி போடுகிறாள் என்று நினைத்திருப்பார்கள். ஓட்டு ஆசை எனக்கு இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அதற்கு இன்னும் முழுசாக ஐந்து வருஷம் இருந்தது. ஒரு மாதம் போனபின் அந்தப் பெண், "யக்கா, விளக்கு ஒண்ணு எரியல" என்றாள். அம்மா போய் அக்கா வந்துவிட்டது. வீடு வந்து சேரும்வரை அந்த யக்கா காதிலேயே இருந்தது. ஒருமுறை எனக்குக் காய்ச்சல். வீட்டுக்காரரை அனுப்பினேன். மனுஷன் பூட்டைத் திறந்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு டீக்கடைவரை ஓடினாராம். அதைச் சொல்லிச் சொல்லி அவர்கள் ஒரு வாரம் சிரித்தார்கள்.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தச் சாவியை அவர்களிடமே கொடுத்திருக்கலாம். எனக்குத் தோன்றாமல் இல்லை. நான் வந்துதான் திறக்க வேண்டும், நான் வருவதை அவர்கள் பார்க்க வேண்டும் என்ற ஆசை. ரிப்பன் வெட்டின கை அவ்வளவு சீக்கிரம் திருந்துமா?

மூன்றாவது தேர்தலில் ஜெயித்தேன். அந்த ஸ்டாண்டில் மைக் பிடிக்கவே இல்லை. பதவியேற்புக்கு வீட்டுக்காரரோடு சென்னை போனேன். உறுதிமொழி எடுத்து, பதிவேட்டில் கையெழுத்துப் போடக் கண்ணாடியைத் தேடிக் கைப்பைக்குள் கையை விட்டபோது சாவி தட்டுப்பட்டது. ஊரை விட்டு வந்து மூன்று நாளாகியிருந்தது. மூன்று விடியற்காலை. வெளியே வந்து அவளுக்குப் போன் அடித்தேன். மலைக்கு மேலே சிக்னல் இல்லை. கூட வந்தவர்கள் படம் எடுக்கக் கூப்பிட்டார்கள். நான் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டேன்.

மறுநாள் விடியுமுன் சாவியைக் கையில் பிடித்தபடி ஸ்டாண்டில் இறங்கினேன். கழிப்பறைக் கதவு திறந்திருந்தது. நாதாங்கி வளைந்து கிடந்தது, பூட்டைக் காணோம். உள்ளே தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"மொத நாளு பாத்தோம். ரெண்டாம் நாளு ஒடைச்சுட்டோம்க்கா. குழாயெல்லாம் இருக்கு, எண்ணிக்கிருங்க."

எனக்குச் சுருக்கென்றது. ஐந்து வருஷம் பனியில் வந்தவள் நான். ஒரு கல்லை எடுக்க அவர்களுக்கு ஒரு நாள்தான் ஆகியிருக்கிறது. பிறகு எனக்கே சிரிப்பு வந்தது. அப்போ எனக்கு இங்கே வேலை இல்லையா என்று கேட்டேன்.

"ஏன் இல்ல? ஒடைச்சதுக்குக் கேசு போடுவோம்னு ஆபீசுல சொன்னாக. அத நீங்க பாருங்க. எல்லா ஜீப் ஸ்டாண்டுலயும் இப்படித்தான் பூட்டிக் கெடக்கு. அதையும் பாருங்க. இத நாங்க பாத்துக்கிறோம்."

ஸ்டாண்டுகளின் பெயரைச் சொல்லச் சொல்லி என் பதவியேற்பு அழைப்பிதழின் முதுகில் எழுதிக்கொண்டேன். அன்றைக்குப் பத்து மணிக்கு அலுவலகம் திறந்ததும் முதல் ஆளாக அந்தப் பெஞ்சில் இருப்பேன் என்றேன். ஜீப் உறுமியது. இந்தத் தடவை அவள் கேட்பதற்கு முன்னால் நானே நேரத்தைச் சொல்லிவிட வேண்டும் என்று முந்திக்கொண்டேன்.

"போயிட்டு வர்றேன். நாளைக்கு அஞ்சு மணிக்கு வந்து என்ன ஆச்சுன்னு சொல்றேன்."

அவள் ஜீப்பில் ஒரு காலை வைத்துக்கொண்டு திரும்பினாள்.

"நாலே முக்காலுக்கு வாங்கக்கா. அஞ்சுக்கு நாங்க கெளம்பிருவோம்."