யாரோ ஒருவரின் தகப்பன்

மல்கிரேவிலுள்ள முதியோர் இல்லமொன்றில் நான் பராமரிப்பாளராக வேலை செய்கிறேன். அங்கே ஒரு கிழவரின் அறையில், யன்னலோரமாக ஒரு மரச்சிலை நின்றது. ஒரு முழம் உயரம் இருக்கும். தாடி வைத்த ஆள், பாதி மூடிய கண்கள், வயிற்றை இரண்டு பக்கமும் அணைத்த கைகள். கிழவர் இளமையில் கொங்கோ நாட்டுச் சுரங்கத்தில் எஞ்சினியராக இருந்தவர். அங்கே சந்தையில் வாங்கிய அந்தச் சிலையின் தலையில்தான் தன் தொப்பியை மாட்டுவார்.

ஒருமுறை எங்களோடு புதிதாக ஒருத்தி வேலைக்குச் சேர்ந்தாள். கிழக்குக் கொங்கோவிலிருந்து அகதியாக வந்தவள், ஹெம்பா இனத்தவள். முதல் நாள் அந்த அறைக்குள் போனவள் கதவடியிலேயே நின்றுவிட்டாள். பிறகு தொப்பியை எடுத்துக் கதிரையில் வைத்தாள். கிழவர் திரும்ப மாட்டினார். மறுநாளும் அவள் எடுத்தாள். இப்படியே போய், ஒருநாள் கிழவர் இங்கிலிஷில் கத்திவிட்டார்.

"என்ர சாமானைத் தொடாதே!"

நான் ஓடிப்போனேன். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டே அவள் சொன்னாள்.

"இது சாமான் இல்லை. ஆரோ ஒருத்தரின்ர தகப்பன். எங்கட ஊரில குடும்பத்துப் பெரியவர் செத்தால் அவருக்கெண்டு ஒண்டு செதுக்குவம். முகம் அவரைப் போல இருக்கத் தேவையில்லை. அவரின்ர பேர் சொல்லித்தான் அதோட கதைப்பம்."

"அப்ப இவருக்கு என்ன பேர்?"

"வித்தவனிட்டை நீங்கள் கேட்டிருக்க வேணும்."

கிழவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மேலிடத்தில் முறையிடப் போகிறார் என்று பயந்தேன். முறையிடவில்லை. அடுத்த நாள் காலையில் தொப்பி கதவுக் கொளுக்கியில் தொங்கியது.

குளிர்காலத்தில் அவருக்கு நெஞ்சில் சளி கட்டியது. படுத்த படுக்கையாக இருந்தவர் அவளைக் கூப்பிட்டார். "நான் போன பிறகு இவரை நீ கூட்டிக்கொண்டு போ" என்றார். அவள் தலையாட்டி மறுத்துவிட்டாள்.

சாப்பாட்டு நேரத்தில் ஏன் என்று கேட்டேன்.

"என்ர அப்பா சண்டையில போனவர். அவருக்கு ஆரும் ஒண்டும் செதுக்கேல்லை. இவரை வீட்டில வைச்சால் நான் அப்பாவின்ர பேரைத்தான் கூப்பிடுவன். அது ரெண்டு பேருக்கும் செய்யிற துரோகம்."

நான் சோற்றுப் பெட்டியை மூடி வைத்தேன்.

கிழவர் இறந்ததும் சிட்னியிலிருந்து மகள் வந்தாள். சிலையைத் துவாயில் சுற்றி, "அப்பாவின்ர கடைசி ஆசை" என்று என் தோழியின் கையில் வைத்துவிட்டாள். தோழியால் மறுக்க முடியவில்லை. என்ன செய்வதென்று கொங்கோவிலிருந்த தன் சின்னம்மாவிடம் போனில் கேட்டாளாம். "அந்நிய தேசத்தில தனிய நிக்கிற மனிசனை வாசலில வைச்சுக்கொண்டே யோசிக்கிறாய்? உள்ளுக்குக் கூப்பிடு" என்று சின்னம்மா ஏசியிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை கிளேட்டனில் இருக்கும் அவளுடைய வீட்டுக்கு என்னையும் அழைத்தாள். அலுமாரியின் மேல் வெள்ளைத் துணி விரித்துச் சிலையை நிறுத்தியிருந்தாள்.

"இவரின்ர பேர் எங்களுக்குத் தெரியாது. அதால எங்கட பேரை இவருக்குச் சொல்லுவம்" என்றாள்.

கணவன் சொன்னான். பெரிய மகள் சொன்னாள். இவருக்கு இங்கிலிஷ் விளங்குமா என்று சின்னவள் கேட்டாள். "சொல்லு, கேப்பார்" என்றாள் தாய். என் முறை வந்தபோது என் பேரைச் சொன்னேன். யோசிக்காமலே, முள்ளிவாய்க்காலில் விட்டுவந்த என் அப்பாவின் பேரையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன். அதை வாய்விட்டுச் சொல்லி எவ்வளவோ காலம்.

அவள் என் கையைப் பிடித்துக் குசினிக்குக் கூட்டிப்போய், மீன் குழம்புச் சட்டியைத் திறந்தாள்.