வெடிக்காத டயர்

அன்ரன் அண்ணை இறந்த செய்தி எனக்கு ஒரு படமாக வந்தது. லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் அவருடைய மோட்டார் சைக்கிள் சாய்ந்து கிடந்தது. பின் டயரில் காற்று இல்லை. ‘டயர் பாடம் எடுத்தவர் டயர் வெடித்துப் பலி’ என்று மேலே சிவப்பு எழுத்து. நான் அழுதுகொண்டே அதைப் பகிர்ந்தேன். அவருடைய ஒவ்வொரு வீடியோவுக்கும் முதல் ஆளாகக் கருத்து எழுதியவன் நான். அந்தப் பொய்யை நம்ப எனக்கு ஒரு நிமிடம்கூடத் தேவைப்படவில்லை.

குருநகரிலிருந்து மோட்டார் சைக்கிளின் பின்னால் மீன் பெட்டி கட்டி மருதனார்மடம் சந்தைக்கு வந்தவர் அவர். விடிய, வண்டி எடுக்க முன்னரே, இரண்டு டயரிலும் காற்றை அளப்பார். அதைத்தான் வீடியோவாகப் போட்டார். “மீன் விக்கிற உமக்கு டயர் விஞ்ஞானமோ?” என்று ஒருவன் கேட்டான். “ஓம் தம்பி. டயர் போனா நடுறோட்டிலை மீனும் எல்லோ போகுது” என்று பதில் எழுதினார்.

பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலத்தில், எண்ணெய் மிச்சம் பிடிக்கலாம் என்று எல்லோரும் டயருக்குக் கல்லுப்போலக் காற்று அடித்தார்கள். சந்தை மீன்காரர்களும்தான். சில மாதங்களில் டயர்களின் நடுப்பகுதி வழுவழுவென்று தேய்ந்துவிட்டது. அவர் அப்படி ஒரு டயரைத் தூக்கிக் காட்டினார். “நடு மட்டும் தேஞ்சால் காத்துக் கூட. ரெண்டு ஓரமும் தேஞ்சால் காத்துக் காணாது. பெற்றோலை மிச்சம் பிடிச்சு டயர் வாங்கப் போறியளோ?” அவருடைய டயர் அந்தக் காலம் முழுவதும் ஓடியது. அந்த வீடியோவுக்கும் பார்த்தவர்கள் சிரிக்கும் பொம்மைதான் போட்டார்கள்.

ஒருமுறை தொண்டைமானாற்றிலிருந்து நடு வெயிலில் வண்டி ஓட்டிச் சந்தைக்கு அவரிடம் போனேன். என் டயரை உள்ளங்கையால் தொட்டுவிட்டு, அளக்க மாட்டேன் என்றார்.

“சூட்டிலை கூடத்தான் காட்டும். கூட எண்டு திறந்து விட்டியோ, விடியக் காத்துக் காணாது. நாளைக்கு உன்ரை வீட்டிலை பார்.”

“வீடியோ எடுக்க எல்லோ வந்தனான் அண்ணை.”

“அப்ப மீனை எடு. அது குளிராத்தான் இருக்கு.”

செத்தவீட்டில்தான் உண்மை தெரிந்தது. நெஞ்சு வலித்ததும் அவரே வண்டியை ஓரமாக நிறுத்தி, ஸ்ராண்டைப் போட்டுவிட்டு, மதிலோடு சாய்ந்து இருந்திருக்கிறார். இதயம் நின்றுவிட்டது என்று வைத்தியர் சொன்னாராம். அப்படியானால் டயர்? லாண்ட்மாஸ்டரில் வண்டியை ஏற்றி வந்த மனிதர் தலையைச் சொறிந்தார்.

“நான்தான் தம்பி திறந்து விட்டனான். கட்டக் கயிறில்லை, பெட்டியிலை உருளுமெண்டு. நல்ல டயர், காத்து இறங்கவே கன நேரம் எடுத்தது.”

அங்கேயே பம்ப் எடுத்து, அளவுமானி முப்பத்தாறு காட்டும்வரை காற்று அடித்தேன். அடுத்த நாள் விடியப் போய் அளந்தேன். முப்பத்தாறு. வெடித்த டயர் காற்றைப் பிடிக்காது. சிவப்பு எழுத்துப் போட்டவனுக்கு இது தெரியாதா? அந்தப் படத்துக்குக் கீழே பூவும் மெழுகுதிரியும் போட்டவர்களில் ஒருவராவது கேட்டார்களா? நான் கேட்டேனா?

பொய் என்று பதிவு போட்டேன். அதைப் பார்த்தவர்கள் கொஞ்சப் பேர். நான் காட்டிய பதிவைப் பார்த்துவிட்டு, அன்ரன் அண்ணையின் மனைவி கைபேசியைத் திருப்பித் தந்தார்.

“சந்தையிலை இந்த மனுசனை வைச்சுச் சிரிக்கினமாம். நீயும் அந்தப் படத்தைப் போட்டனிதானே. போய் ஆளாளுக்குச் சொல்லு.”

போனேன். சந்தை வாசலில் ஒரு மீன்காரர் பெட்டியை ஏற்றிவிட்டு, குந்தியிருந்து பின் டயரின் காற்றைத் திறந்து விட்டுக்கொண்டிருந்தார்.

“என்ன செய்யிறியள் அண்ணை?”

“அளந்து அளந்து அடிச்ச அன்ரனுக்கே வெடிச்சிட்டுது. எனக்கென்னத்துக்கு உந்தக் காத்து?”

அவ்வளவு பாரத்தோடு அந்த டயர் கீழே நசிந்திருந்தது. ஓரங்கள் தேயும், பிளக்கும், ஒருநாள் அவரையும் விழுத்தும். அதற்கு வழி செய்தவர்களில் நானும் ஒருவன். அன்ரன் அண்ணையிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது இந்த வேலை மட்டும்தான். மீன்காரருக்கு எதிரே குந்தினேன்.

“அது வெடிக்கேல்லை அண்ணை. வெடிச்சதெண்டு பொய் சொன்ன ஆள் நான்தான். திறக்காதேங்கோ, சொல்லுறன்.”