சின்னம்மாவின் பேருந்து

எங்கள் செம்பனைத் தோட்டத்து மண்டபத்தின் சிமெண்டுத் தரையில் ஒரு நாற்காலி பின்னுக்கு இழுபட்ட ஓசைதான் அந்தக் கூட்டத்திலிருந்து என் செவியில் இன்றும் தங்கியிருப்பது. எழுந்தவன் என் சின்னம்மாவின் ஒரே மகன். எனக்குத் தம்பி முறை. அவன் வாய் திறக்கும் முன்பே என் முகம் கூசிவிட்டது. அவனை எழவைத்த ஏற்பாடு என்னுடையது.

பொதுப் போக்குவரத்தை விரிவாக்கும் திட்டத்தின்கீழ்ப் பகாவ் நகரைச் சுற்றியுள்ள தோட்டங்களுக்கும் சிற்றுந்து விட அரசு எண்ணியிருந்தது. தேவையுள்ள இடங்களுக்கு மட்டுமே வண்டி என்பதால், மக்களை நேரில் கேட்டறிய ஓர் அதிகாரி வருவதாயிருந்தார். செண்டாயான் நகரில் குடியேறிவிட்டவனாயினும், அந்தத் தோட்டத்தில் பிறந்த ஓய்வுபெற்ற ஆசிரியன் என்பதால் கூட்டத்தை நடத்தும் பொறுப்பு என்னிடம் வந்தது. உடனே எனக்குச் சின்னம்மாவின் நினைவு எழுந்தது. சிறுநீரகம் பழுதுபட்ட அவர் ஒருநாள் விட்டு ஒருநாள் பகாவுக்குச் சென்று, அவர் சொற்படி, 'ரத்தம் கழுவி' வந்தாக வேண்டும். தம்பியைத் தொலைவிலுள்ள சுங்கை காடுட் தொழிற்சாலையின் வேன் இருட்டோடு அள்ளிக்கொண்டு போய்விடும். செம்பனைக் குலை ஏற்றும் லாரியில், ஓட்டுநருக்குப் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்தே சின்னம்மா போய்வந்தார். லாரி வராத நாளில் சிகிச்சையும் இல்லை. கால் வீங்கிக் கட்டிலில் கிடப்பார். அவர் எழுந்து நான்கு வார்த்தை சொன்னால் பேருந்து வந்துவிடும் என்று நம்பி, அவரை முன்வரிசையில் உட்காரவைத்தேன்.

யாருக்கெல்லாம் பேருந்து தேவை என்று அதிகாரி மலாய் மொழியில் கேட்டார். முதியவர்களுக்காக அதை நான் தமிழில் சொன்னேன். ஒரு கையும் உயரவில்லை.

"வீட்டுக்கு வீடு மோட்டார் சைக்கிள் நிக்குது வாத்தியாரே. பஸ்ஸுக்குக் காத்து நின்னா, பொழைக்கத் தெரியாதவன்னு நெனைப்பாங்க லா" என்றார் ஒருவர். மண்டபம் சிரித்தது.

வெளியாள் முன்னால் இல்லாமையைக் காட்டிக்கொள்ளலாகாது என்பது எங்கள் தோட்டத்தில் எவரும் சொல்லித்தராமலே எல்லாரும் காத்துவந்த நெறி. அதற்குள்ளேயே வளர்ந்தவன் நான். அதை மறந்து, "சின்னம்மா, நீங்க சொல்லுங்க" என்றேன்.

அவர் எழுந்து சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டார். "எனக்கென்ன கொறை? எம் மவன் கார்ல கூட்டிக்கிட்டுப் போறான்."

அவனிடம் கார் கிடையாது என்பது அதிகாரியைத் தவிர அங்கிருந்த அனைவருக்கும் தெரியும். இம்முறை ஒருவரும் சிரிக்கவில்லை. நான் அதை அப்படியே மலாயில் பெயர்த்தேன். அதிகாரி மகிழ்ந்து தலையசைத்தார். அப்போதுதான் பின்வரிசையில் நாற்காலி இழுபட்டது.

"அம்மா சொல்றது பொய்ண்ணே. எங்கிட்டக் காரு இல்ல. அது லாரிக்காரன் கைய எதிர்பாத்துத்தான் போவுது. பஸ்ஸு வேணும்னு சொல்லுங்க."

தம்பிக்கு என்னைவிடச் சரளமாக மலாய் வரும். ஆயினும் அந்த வாக்கியத்தைத் தன் நாவால் ஒரு வெளியாளிடம் சொல்ல அவனால் இயலவில்லை. நான் சொன்னேன், பிழையற்ற மலாயில். சின்னம்மா மகனைத் திரும்பிப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"ஏம்பா, இதுக்குத்தான் என்னைய முன்னால ஒக்கார வச்சியா?"

சிற்றுந்து வந்துவிட்டது. மண்டபத்துக்கு எதிரிலேயே நிறுத்தம். அன்று சிரித்தவர்களும் கடைப்பைகளோடு கூச்சமின்றி ஏறுகிறார்கள். சின்னம்மாவின் கால் வீக்கம் வடிந்திருக்கிறது. விளைந்த நன்மையைச் சொல்லி என்னைத் தேற்றுகிறவர்களும் உண்டு.

அண்மையில் ஒரு காலை, தோட்டத்துக்குக் காரில் போய்க்கொண்டிருந்தேன். மண்டபத்து நிறுத்தத்தை விட்டு வெகுதூரம் வந்து, செம்பனை வரிசைகளை ஒட்டிய சாலையோரத்தில் சின்னம்மா மெல்ல நடந்துகொண்டிருந்தார். தெரிந்த முகங்கள் இல்லாத அடுத்த நிறுத்தத்தில்தான் அவர் பேருந்து ஏறுவது வழக்கம் என்று தம்பி முன்பே சொல்லியிருந்தான். வண்டியை நிறுத்திக் கதவைத் திறந்தேன்.

"நீ போப்பா. ஆளுங்க பாக்கறாங்க" என்றார்.

சாலையில் எங்களைத் தவிர ஒருவரும் இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு புறப்பட்டேன்.