ஆறு மணி வாசலும் ஆறேகால் பெரட்டும்

கிள்ளானிலிருந்து அசாம் ஜாவா ஏறக்குறைய இருபத்து மூன்று மைல். பஸ் எட்டரைக்கு. கட்டணம் ஒரு வெள்ளி. சென்ற புதன்கிழமை நான் போனது ஊர் பார்க்க அல்ல. பாக்கியம் என்ற ரப்பர் பால்வெட்டும் பெண் தொழிலாளி எங்கள் சங்கக் கிளைக்கு எழுதியிருந்தார். மூன்று நாள் சேர்ந்தாற்போல் வேலைக்கு வரவில்லை என்று தோட்டத்தில் நிறுத்திவிட்டார்களாம். அனுமதியில்லாமல் தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் வராதவர் ஒப்பந்தத்தை முறித்தவர் என்கிறது சட்டம். வேலை போனால் தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போகும். எட்டு மாதக் குழந்தையோடு எங்கே போவார்? வெள்ளிக்கிழமை கோலசிலாங்கூர் லேபர் ஆபீசில் விசாரணை.

ஜெராம் தாண்டியதும் சோதனைச் சாவடி. அடையாளக் கார்டு திரும்பி வந்தது, என் புளிச்சோற்றுப் பொட்டலம் வரவில்லை. காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்ட் ஆட்களுக்குச் சோறு போய்விடக் கூடாது என்ற அவசரகாலக் கட்டுப்பாடு ஊருக்கே தெரியும். தெரிந்தும் கட்டிக்கொண்டு போனேன், எனக்கு வேண்டியதுதான்.

லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி. உள்ளே தங்க அனுமதிச் சீட்டு வாங்குவதற்குள் மதியமாகிவிட்டது. பாக்கியம் அழவில்லை, கோபமாக இருந்தார். அது எனக்குப் பிடித்தது.

"வரலைன்னு எழுதிட்டாங்க அண்ணே. மூணு நாளும் வந்தேன். பேர் கூப்பிட்டு முடிஞ்சிருச்சி, வீட்டுக்குப் போன்னு அனுப்பிட்டாங்க."

முன்பு குழந்தையைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டம்மாள் வேறு தோட்டம் போய்விட்டார். அன்றிலிருந்துதான் இந்தத் தொல்லை.

மறுநாள் காலை பாக்கியத்தை வேலைக்குப் போவதுபோலவே கிளம்பச் சொல்லி, கையில் கடிகாரத்தோடு பின்னால் நடந்தேன். மற்றவர்கள் ஆறுக்கு முன்பே வேலி வாசலில் நின்று, திறந்ததும் ஓடுகிறார்கள். பிள்ளைகளை விடும் ஆயாக் கொட்டகையும் அதே ஆறுக்குத்தான் திறக்கிறது. குழந்தையை விட்டபோது 6.05. பெண்களைச் சோதிக்க வாசலில் ஒரே ஒரு அம்மாள், ஆகவே வெளியே வந்தபோது 6.18. ஆளெண்ணிப் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களம் அங்கிருந்து முக்கால் மைல். போய்ச் சேர்ந்தபோது 6.31. பெரட்டு 6.15க்கு. பறந்தால்தான் முடியும்.

வெள்ளிக்கிழமை விசாரணை பத்து மணிக்கு. என் நேரக் கணக்கை வாசித்தேன். அதிகாரி, தோட்டத்தில் பெயர்ப் புத்தகம் எழுதும் கிராணியிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: இவர் அந்த மூன்று நாளும் களத்துக்கு வந்தாரா? கிராணி நல்ல மனிதர், பொய் சொல்ல வரவில்லை.

"வந்தாங்க. பெரட்டு முடிஞ்சி வந்தாங்க. புத்தகத்துல வந்தவங்க, வராதவங்க, ரெண்டுதான் இருக்கு. லேட்டா வந்தவங்கன்னு இடமே இல்ல லா."

வந்தவரைத் திருப்பி அனுப்பிவிட்டு வரவில்லை என்று எழுத முடியாது என்றார் அதிகாரி. வேலையும் வீடும் தப்பின. வெளியே வந்ததும் பாக்கியம் சிரிக்கவில்லை. "திங்கக்கிழமையும் வாசல் ஆறுக்குத்தானே அண்ணே?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. உடனே உள்ளே திரும்பினோம். வாசல் போலீசுடையது, அசையாது. பெரட்டு தோட்டத்துடையது.

இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு: அடையாளக் கார்டை மறக்காதீர்கள். சோறு கட்டாதீர்கள், அசாம் ஜாவா முச்சந்தியில் நல்ல ரொட்டி கிடைக்கும். கடிகாரம் கட்டாயம். தோட்டத்தில் வாசல் ஆறுக்குத் திறக்கும். பெரட்டு, திங்கட்கிழமையிலிருந்து, ஆறே முக்காலுக்கு.