வெயிலில் காய்ந்த களிம்பு

சும்மா விட்டிருந்தால் பரு தானாகவே போயிருக்கும். எழுபதுகளின் கடைசியில், எனக்குக் கல்யாணப் பேச்சு எடுத்த சமயம், கன்னம் முழுக்கப் பரு. அம்மா என்னை மெட்ராசுக்குத் தோல் டாக்டரிடம் கூட்டிப்போனாள். வைட்டமின் ஏ-யிலிருந்து செய்த புதுக் களிம்பு என்று ஒரு சின்ன ட்யூபை எழுதிக் கொடுத்தார். ராத்திரியில் மட்டும் தடவ வேண்டும், வெயிலில் போகக்கூடாது என்றார். நாங்கள் இருவரும் சமர்த்தாகத் தலையாட்டினோம்.

வெயிலில் போகாமல் எங்கள் வீட்டில் யார் சோறு தின்றது? சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவில் விடிந்ததும் தறியில் ஏற்றப்போகும் பட்டு இழைகளைப் பாவாக நீளமாக இழுத்துக் கட்டி, கஞ்சி தெளித்துக் காயவிடுவார்கள். அறுந்த இழைகளை முடிந்துகொண்டே நானும் கூடவே நிற்க வேண்டும். தங்கைக்கு அதில் கை பழகவில்லை.

முதல் ராத்திரி தடவிய களிம்பு தலையணை உறையில் ஒட்டியிருந்ததை அம்மா காலையில் பார்த்துவிட்டாள்.

"தலகாணிக்கா பரு வந்துக்குது? காலையில பூசிக்கினு பாவாண்ட நில்லுமா. கஞ்சி போட்ட பாவு வெயிலு பட்டாதானே இறுகுது? மருந்தும் அப்டிதான்."

"டாக்டரு வெயிலு வாணாம்னாரேம்மா."

"முருங்கக்கீரையில இருக்கற சத்துதானே. அது இன்னா பண்ணிடும்?"

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. தினமும் பூசிக்கொண்டு நின்றேன். எரிந்தது. மருந்து வேலை செய்கிறது என்று அம்மாவுக்குச் சந்தோஷம். பிறகு கன்னம் சிவந்து, தோல் உரிந்து, உரிந்த இடமெல்லாம் அடுப்புக்கரி தேய்த்த மாதிரி கறுத்துப்போனது.

மறுபடி போனபோது டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். இந்த மருந்து பட்ட தோல் வெயில் தாங்காது, அதனால்தானே ராத்திரி போடச் சொன்னேன் என்று கத்தினார். களிம்பை நிறுத்தச் சொன்னார். கறுப்பு மெல்லத்தான் மறையும், வெயில் பட்டால் இன்னும் ஏறும் என்றார். ஊர் வந்து சேரும்வரை அம்மா பஸ்ஸில் அழுதாள்.

மறுநாள் காலை தெருவில் பாவு கட்டியாயிற்று. முந்தானையை முகத்தில் இழுத்து விட்டுக்கொண்டால் இழை கண்ணுக்குத் தெரியாது. திறந்த முகத்தோடுதான் நின்றேன். போதும், உள்ளே வா என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. யாரும் சொல்லவில்லை. என்னை உள்ளே அனுப்பிவிட்டு இழை முடிய ஆளுக்கு எங்கே போவார்கள்?

கறுப்பு ஏறிக்கொண்டே போனது. திருப்புட்குழியிலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள் காபி குடித்தார்கள், என் முகத்தை ஒரு தரம் பார்த்தார்கள், சின்னவளுக்கு என்ன வயசு என்று கேட்டார்கள். அப்பா சொன்னார்.

தங்கைக்குப் பூ வைக்க அவர்கள் வந்த அன்று காலையில் பாவு கட்டவில்லை. வாசலில் வண்டிச் சத்தம் கேட்டதும் அவர்களை வரவேற்க நானும் எழுந்தேன். அம்மா குறுக்கே வந்து என் தோளைத் தொட்டாள்.

"நீ உள்ளயே இரும்மா," என்றாள் மெதுவாக. "வெயிலு உனக்கு ஆவாது."