சூளைமேல் காய்ந்த கிடார்

விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறை ஒன்றில் பியூஸ் கேரியர் செய்யும் இனியவனுக்கு இரண்டு விஷயம் நன்றாக வரும். கிடார் ஒன்று, குடி ஒன்று. கூட வேலை பார்த்த பிரபாகரனுக்கு டிரம்ஸ் வரும். பாடுவதற்குத் தமிழினி சேர்ந்தாள். காது கிழியும் ராக் குழு தயார். பேர் 'ஆயிரத்து இருநூறு டிகிரி'. சூளையின் சூடு அது.

முதலில் ஊரே காதைப் பொத்திக்கொண்டது. ஸ்ரீமுஷ்ணத்தில் ஒரு கல்யாணத்தில் பாதியிலேயே கரண்டைப் பிடுங்கினார்கள். பிறகு இனியவன் மெட்டுப் போட்ட 'புழுதி' பாட்டு போன் போனாகப் பரவியது. புதுச்சேரியில் மேடை கிடைத்தது, பிராந்தி பாட்டிலும் கிடைத்தது. இரண்டு மேடையில் இனியவன் விழுந்தே விட்டான்.

"இன்னொரு தடவ குடிச்சிட்டு ஏதாவது பண்ணினா நீ கெடையாதுடா," என்று பிரபாகரன் சொல்லிவிட்டான். அந்த நேரம் பார்த்துச் சென்னையில் பெரிய மேடை அமைந்தது. அதை விட்டால் தனக்கு நாதியில்லை என்று இனியவனுக்குத் தெரியும்.

ஒன்பது நாள் பல்லைக் கடித்துக்கொண்டு குடிக்காமல் இருந்தான். பத்தாம் நாள் மதியம் பெண்ணாடம் போனவன் மூக்குமுட்டக் குடித்து, கிடாரோடு மழையில் நனைந்து, பட்டறைக்கு வந்து சேர்ந்தான். இன்னும் சுடாத ஈரப் பீங்கானை எரியும் சூளையின் மேல்தளத்தில் காயவைப்பதுதான் வழக்கம். பத்து வருஷப் பழக்கம், கை தானாகச் செய்தது. அந்தப் பச்சைப் பீங்கானோடு கிடாரையும் அடுக்கிவிட்டு மண்மூட்டைமேல் சாய்ந்தான்.

விடிந்தபோது சூட்டில் பசை இளகி, கிடாரின் கழுத்து தனியே கிடந்தது. வாசலில் சென்னைக்குப் போகும் வேன் நின்றது.

"எங்கடா காய வெச்ச?" என்றான் பிரபாகரன்.

"சூள மேல."

பிரபாகரனும் பீங்கான்காரன்தான். தெளிவாக இருக்கிறவன் அதைச் செய்யமாட்டான் என்று தெரியும். திரும்பிப் போய் வேனில் ஏறிக்கொண்டான்.

"வேற கிடாரு பாத்துக்கலாம்டா. என்ன வுட்டுட்டுப் போவாதீங்க." இனியவன் வேன் கதவைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினான்.

தமிழினி அழுதாள். அழுதுகொண்டே, "கைய எடுங்கண்ணா," என்றாள்.

அன்று சாயங்காலம் மனைவி கனகாவின் போனில் கச்சேரி ஓடியது. இனியவன் நிற்க வேண்டிய இடத்தில் வேறு ஒருவன் நின்று 'புழுதி' வாசித்தான். முன்பே பேசி வைத்திருப்பார்கள் போலிருக்கிறது. எங்காவது பிசகமாட்டானா என்று இனியவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டான். ஓரிடத்திலும் பிசகவில்லை.

அந்தச் சத்தம் என்றாலே எழுந்து போய்விடும் கனகா, அன்றுதான் முழுப் பாட்டையும் கேட்டாள்.

"இது நீங்க போட்டதுதான?"

"ஆமா."

"நல்லாருக்குதுங்க," என்றாள்.